சரிபார்த்தவர் கையெழுத்து

"ஒரே ஒரு தடவ, போலா. முதல்லேர்ந்து போடு. நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"மூணு தடவ போட்டாச்சு, செவெரின்."

"மூணு தடவையும் அதே தாள வெச்சுக்கிட்டுத்தானே போட்ட?"

"ஓ! என் தாள் தப்புங்கறியா?"

"தாளப் பத்தி நான் பேசல. என் கை தப்பு பண்ணலைன்னு சொல்றேன். அந்தத் தட்ட நான் சரியாத்தான் மாட்டினேன்."

"தட்டத் தலைகீழா மாட்டிட்டு வந்து என் கணக்கக் குத்தம் சொல்லாதே. கல்யாணத்துக்கு முன்னாலயே இப்படியா?"

கடைசி வரியைப் போலா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். செவெரின் சிரிக்கவில்லை. கணக்கு அறையிலிருந்து வெளியே வந்தான். பிறகு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனான். அறைந்து சாத்தியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

அது 1964 ஏப்ரல். இப்போது 1989 டிசம்பர். இருபத்தைந்து வருடத்தில் அந்தப் பேச்சை அவள் மனதுக்குள் எத்தனையோ முறை நடத்திப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் 'சரி, வா, உட்கார்' என்று சொல்லிப் பார்ப்பாள். சொல்ல எவ்வளவு சுலபமான வார்த்தைகள்!

டிராமிலிருந்து இறங்கி, கரைந்த பனிச் சேற்றில் பூட்ஸ் நனைய, வார்சாவின் அந்தப் பழைய ஆய்வுக்கூடத்தை நோக்கி நடந்தாள். பையில் ஒரு நீல அட்டைக் கோப்பு இருந்தது. அதற்குள் ஒரு பழைய தாள், ஒரு புதிய தாள். புதிய தாளின் அடியில் ஒரு கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. அந்த இடத்துக்கு உரியவன் இன்றைக்கு வருகிறான். சாயங்காலம் நாலு நாற்பது ரயிலில் திரும்பிவிடுவான். அதற்குள் அவள் வாயைத் திறந்தாக வேண்டும்.

வரவழைத்தவள் தெக்லா. படிகங்களை அறுத்துத் தேய்த்து மெருகேற்றுவது தெக்லாவின் வேலை. முப்பத்திரண்டு வருடம் அதைச் செய்துவிட்டு இன்றோடு ஓய்வு பெறுகிறாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் எல்லோரும் கூடி ஹெர்ரிங் மீன் சாப்பிடும் நாளிலேயே விடைபெறுவது என்று முடிவு செய்து, பழைய ஆட்கள் எல்லோருக்கும் அட்டை போட்டிருந்தாள்.

"உன் ஆளும் வரான்" என்று போன வாரம் தொலைபேசியில் சொன்னாள்.

"என் ஆளா? என் ஆள் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகுது, தெக்லா."

"லியோன் நல்ல மனுஷன், சொர்க்கத்துலதான் இருப்பான். நான் சொல்றது உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி பேசாதே."

போலாவுக்குத் தெரியும். லியோன் புவியியல் ஆசிரியர். அவரோடு அவள் வாழ்ந்த பதினாறு வருடத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மகள் கடலோரத்தில் க்டினியாவில் வேலை பார்க்கிறாள், ஞாயிறுதோறும் பேசுகிறாள். போலாவின் வாழ்க்கை வீணாகிவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவளும் சொன்னதில்லை. ஆனால் ஒரு தாளில் ஒரு குறி தப்பாக இருந்தது. அது வேறொருவனுடைய வாழ்க்கையில் போய் உட்கார்ந்துகொண்டது.

அந்தக் காலத்தில் மூன்று பேரின் வேலையும் ஒரே கோட்டில் இருந்தது. தெக்லா படிகத் தண்டை நறுக்கி, நகம் அளவுத் தட்டுகளாக்கி, முகம் பார்க்கிற கண்ணாடிபோல் மெருகேற்றிக் கொடுப்பாள். செவெரின் அதை எக்ஸ் கதிரின் முன்னால் மாட்டி, படிகத்தில் பட்டுத் திரும்பும் கதிர் எவ்வளவு வலுவாக வருகிறது என்று அளப்பான். எவ்வளவு வர வேண்டும் என்பதைப் போலா முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருப்பாள். கைப்பிடி சுற்றும் இரும்புக் கணக்குப் பெட்டி, இரண்டு மூன்று அட்டவணைப் புத்தகங்கள், கட்டம் போட்ட தாள். அவ்வளவுதான் அவளுடைய உலகம். ஒரு தாள் முடிய நாலு நாள் ஆகும். "போலாவின் எண்" என்றால் அந்தக் கட்டடத்தில் மறுபேச்சு கிடையாது.

அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது கேலியம் ஆர்சனைடு என்ற குறைகடத்தி. அதில் கேலியம் அணுக்களும் ஆர்சனிக் அணுக்களும் அடுக்கடுக்காக மாறி மாறி இருக்கும். தட்டின் ஒரு முகம் கேலியத்தில் முடியும், மறுமுகம் ஆர்சனிக்கில். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எக்ஸ் கதிருக்கு மட்டும் வித்தியாசம் தெரியும். ஒரு முகத்திலிருந்து நூறு வந்தால் மறுமுகத்திலிருந்து தொண்ணூற்றைந்தோ என்னவோ வரும். எந்த முகத்துக்கு நூறு என்பதைக் கணக்குதான் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கின் நடுவில், அணு கதிரைக் கொஞ்சம் விழுங்கிக்கொள்வதை ஈடுகட்டச் சேர்க்கும் ஒரு சின்னத் திருத்தம் உண்டு. அதன் கூட்டல் குறி கழித்தல் குறியானால் போதும், மேல் முகமும் கீழ் முகமும் இடம் மாறிவிடும்.

அந்த ஏப்ரலில் எக்ஸ் கதிர்க் குழாய் ஒன்று எரிந்துபோனது. மாற்றாகக் கிடைத்தது வேறு உலோகத்தில் செய்த குழாய். கதிர் மாறினால் திருத்தமும் மாறும். போலா புதிதாக வந்திருந்த வெளிநாட்டுப் புத்தகத்திலிருந்து திருத்தத்தை எடுத்து, பழைய புத்தகத்தின் சூத்திரத்தில் போட்டுத் தாளை முடித்தாள். செவெரின் பன்னிரண்டு தட்டுகளை அளந்தான். பன்னிரண்டும் அவள் கணக்குக்கு நேர் எதிராக வந்தன. முந்தைய தட்டுகள் வேறு பிரிவுக்குப் போய்விட்டதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை.

பிரிவுத் தலைவரான பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எண்ணா, கையான்னு கேட்டா, கைதான் தப்பு பண்ணும்" என்றார். படிகத் தண்டை நறுக்கியதும், வளர்த்தவர்கள் அதில் இட்ட அடையாளத்தைப் பார்த்து, ஒவ்வொரு தட்டின் கேலியம் முகத்திலும் செவெரின்தான் ஊசியால் ஒரு சின்னக் கீறல் போடுவான். கீறலை மாற்றிப் போட்டுவிட்டான் என்று முடிவாயிற்று. படிகம் வளர்த்தவர்களின் ஆறு மாத உழைப்பு குப்பைக்குப் போனது. அறிக்கையில் ஒரு வரி எழுதினார்கள்: 'அளந்தவர் தட்டுகளின் முகங்களை மாற்றிக் குறித்ததால் இத்தொகுதி விலக்கப்பட்டது.'

அதன் பிறகு சாப்பாட்டுக் கூடத்தில் செவெரின் நுழைந்தால் யாராவது ஒருவர் தேநீர் டம்ளரைக் கவிழ்த்து வைப்பார்கள். "செவெரின், சூப்புத் தட்டையாவது நேரா பிடிப்பா!" என்பார்கள். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொன்னதில்லை. இளவட்டங்களின் கேலி. ஆனால் ஒரு மாதம், இரண்டு மாதம் என்று அது ஓயவேயில்லை. முனைவர் பட்டத்துக்கான அவன் வேலை அந்தப் பன்னிரண்டு தட்டுகளில் இருந்தது. ஜூன் மாதம் நடக்க இருந்த கல்யாணத்தை இலையுதிர் காலத்துக்குத் தள்ளினார்கள். பிறகு அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். வாங்கி வைத்த வெள்ளைக் காலணியைப் போலா தன் சித்தி மகளுக்குக் கொடுத்தாள். அவளுக்கு அது ஒரு எண் சின்னதாக இருந்ததாம், கல்யாணம் முழுக்கக் கால் வலியாம்.

செவெரின் வேலையை விட்டுப் போன நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஒரு அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியில் இறங்கி வந்தான். அவள் ஏறிக்கொண்டிருந்தாள். நடுப்படியில் எதிரெதிரே நின்றார்கள்.

"வரேன், பானி போலா" என்றான். முன்பின் தெரியாத அம்மையாரிடம் பேசுகிற மரியாதை.

"நல்லபடியா போயிட்டு வாங்க" என்றாள் அவளும், அதே மரியாதையில்.

'வா, முதல்லேர்ந்து போடலாம்' என்ற வார்த்தைகள் அப்போது தொண்டை வரைக்கும் வந்திருந்தன. கேட்டிருந்தால் அவன் பெட்டியை அந்தப் படியிலேயே வைத்திருப்பான். அவள் கேட்கவில்லை. மூன்று முறை சரிபார்த்த பெண் எதற்காக நான்காம் முறை இறங்கி வர வேண்டும்? அன்றைக்கு அது அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது.

அதற்கு மேலும் ஒன்று உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. ஒவ்வொரு கணக்குத் தாளின் அடியிலும் இரண்டு கையெழுத்து வேண்டும். கணக்கிட்டவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர். சரிபார்ப்பவர் முதல் தாளைப் பார்க்கவே கூடாது. தானாகப் புத்தகத்தைத் திறந்து, முதல் வரியிலிருந்து போட வேண்டும். அதுதான் விதி. அந்த வசந்தத்தில் இன்னொரு கணக்குப் பெண் பிரசவ விடுப்பில் இருந்தாள். நான் சரிபார்க்கட்டுமா என்று செவெரின் கேட்டான். போலா தன் தாளைத் தானே சரிபார்த்து, இரண்டு இடத்திலும் தானே கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பழைய தாள்களைக் கணினியில் ஏற்றும் வேலை அவளுக்கு வந்தது. முப்பத்தொன்பது தாள்கள் அச்சு அசலாக ஒத்துப்போயின. நாற்பதாவது தலைகீழாக நின்றது. நிரலில்தான் பிழை என்று மூன்று வாரம் தேடினாள். கடைசியில் அந்த இரண்டு புத்தகங்களையும் அருகருகே விரித்து வைத்தாள். கதிரின் அலை ஓடும் திசையை ஒரு புத்தகம் கூட்டலாக வைத்துக்கொண்டு எழுதியிருந்தது, மற்றது கழித்தலாக. தனித்தனியே இரண்டுமே சரி. ஒன்றின் சூத்திரத்தில் மற்றதன் திருத்தத்தைப் போட்டால் எல்லாம் கவிழ்ந்துவிடும். அதே தாளிலிருந்து எடுத்து எத்தனை முறை போட்டாலும் அதே விடைதான் வரும். மூன்று முறை வந்தது.

அன்றைக்கு அவள் மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. கணினி அறையின் ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு, கீழே வாசல்படியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் மெருகேற்றும் அறையில்தான் நடந்தது. அரைக்கும் இயந்திரங்களின் மேல் பலகை போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தார்கள். எண்ணெயில் ஊறிய ஹெர்ரிங், பீட்ரூட் சாலட், கசகசா வைத்து உருட்டிச் சுட்ட கேக், யாரோ வரிசையில் நின்று வாங்கிவந்த நாலே நாலு ஆரஞ்சு. நடுவில் ஒரு தட்டில் ஒப்லாட்டெக், காகிதம் மாதிரி மெல்லிய வெள்ளை அப்பம். மதச் சடங்கு அலுவலகத்துக்குள் கூடாது என்றிருந்த முந்தைய வருடங்களில் அது தெக்லாவின் இழுப்பறைக்குள்ளிருந்து கைமாறிக் கைமாறித்தான் வரும். இந்த வருடம் மேசை மேலேயே, எல்லார் கண்ணுக்கும் தெரிய உட்கார்ந்திருந்தது.

செவெரின் ஜன்னல் பக்கம் நின்றிருந்தான். தலை முழுக்க நரை. முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. கோட்டின் முழங்கைப் பகுதியில் யாரோ மிக நேர்த்தியாக ஒட்டுப் போட்டிருந்தார்கள். அந்த ஒட்டைப் பார்த்ததுமே போலாவுக்குப் புரிந்தது, வீட்டில் அவனை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

"வாங்க, பானி போலா" என்றான்.

"எப்படி இருக்கீங்க, செவெரின்? கண்ணாடித் தொழிற்சாலையிலதானே இன்னும்?"

"அங்கேயேதான். இருபத்தஞ்சு வருஷம். கண்ணாடி ரொம்ப நல்ல பொருள். உள்ள அணுவெல்லாம் கலைஞ்சு கிடக்கும், அடுக்கே கிடையாது. தலையும் இல்ல, காலும் இல்ல. எப்படி மாட்டினாலும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்ல முடியாது."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். போலா மட்டும் கையிலிருந்த பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

தெக்லா ஒரு கரண்டியால் டம்ளரைத் தட்டினாள். "அழாதீங்க, நான் சாகல, வீட்டுக்குத்தான் போறேன். என் இழுப்பறையக் காலி பண்ணிட்டேன். இதுல என்னென்ன இருந்ததுன்னு கேட்டா நீங்களே போலீஸக் கூப்பிடுவீங்க. இந்தா, செவெரின். இது உன்னுது."

பஞ்சில் சுற்றிய ஒரு சின்னப் பொருளை அவன் கையில் வைத்தாள். நகம் அளவுத் தட்டு. ஓரத்தில் ஊசிக் கீறல்.

"குப்பையில போடச் சொன்னாங்க, பன்னிரண்டையும். பதினோரு தட்டப் போட்டேன். இத எடுத்து வெச்சுக்கிட்டேன், உதட்டுச் சாயம் பூசறப்ப பாத்துக்க. இவ்ளோ நல்லா மெருகேத்தினதத் தூக்கிப் போட எனக்கென்ன பைத்தியமா?"

செவெரின் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கட்டைவிரலால் கீறலைத் தடவினான். அந்தப் பழைய அசைவு மட்டும் மாறவேயில்லை.

பிறகு ஒப்லாட்டெக் எடுத்தார்கள். ஆளுக்கொரு அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவரிடமாகப் போக வேண்டும். அவர் அப்பத்தில் ஒரு துண்டை நாம் ஒடிக்க, நம்முடையதில் ஒரு துண்டை அவர் ஒடிக்க, முகத்தைப் பார்த்து வாழ்த்துச் சொல்லிவிட்டுத்தான் வாயில் போடலாம். யாரையும் விட்டுவிட முடியாது. மனஸ்தாபம் உள்ளவர்களை முக்கியமாக விட முடியாது. போலா நிர்வாகியிடம் போனாள், நூலகரிடம் போனாள், தெக்லாவைக் கட்டிக்கொண்டாள்.

"போலா கண்ணு, இன்னும் யாருகிட்ட போகலைன்னு எனக்குத் தெரியும்" என்று தெக்லா அவள் காதுக்குள் சொன்னாள். "நாலு நாப்பது ரயில் உனக்காக நிக்காது."

அவள் கையில் அப்பம் சின்னத் துண்டாகிவிட்டிருந்தது. ஜன்னல் பக்கம் போனாள். செவெரின் தன் அப்பத்தை நீட்டினான். அவள் ஒடித்தாள், அவன் ஒடித்தான். வாழ்த்தை முதலில் அவன்தான் சொன்னான்.

"நல்ல ஆரோக்கியம். உங்க பொண்ணுக்கும்."

"செவெரின், அந்தக் கணக்கு தப்பு."

அவன் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றது.

"என் கணக்கு. நாற்பதாவது தாள். ரெண்டு புத்தகத்தக் கலந்துட்டேன். உங்க பன்னிரண்டு தட்டும் சரி. நீங்க சரியாத்தான் மாட்டினீங்க." இருபத்தைந்து வருடத்தை அவள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

அவன் அப்பத் துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றான். "தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"அந்த வருஷம் செப்டம்பர்லயே தெரியும். எங்க ஊர் நூலகத்துல அந்த வெளிநாட்டுப் புத்தகம் இருந்தது. வேற எதுக்கோ எடுத்தேன். மூணாவது பக்கத்துலயே புரிஞ்சுடுச்சு."

"அப்ப ஏன்... ஒரு வரி எழுதியிருக்கலாமே! பேராசிரியருக்காவது?"

"எழுதினேன். ரெண்டு தடவ எழுதிக் கிழிச்சேன்." அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "பெருந்தன்மைன்னு நெனைக்காதீங்க. கோவம்தான். நானா சொன்னா, தோத்தவன் சாக்கு சொல்றான்னு ஆயிடும். நீங்களா ஒரு நாள் திரும்பப் போட்டுப் பாப்பீங்க, பாத்துட்டு ஒரு கடுதாசி வரும்னு இருந்தேன். தபால்காரர் என்னைப் பாத்தாலே தலையாட்டுவாரு, இன்னிக்கும் இல்லைன்னு. ரெண்டு வருஷம். அப்பறம் ஹான்காவப் பாத்தேன். நல்லவ. காத்திருக்கறத விட்டுட்டேன்."

ரெண்டு வருஷம். போலா அதை எண்ணிப் பார்த்தாள், எண்ணாமல் இருக்க அவளுக்குத் தெரியாது. அறுபத்தாறு செப்டம்பர் வரைக்கும். அவள் லியோனை மணந்தது அறுபத்தேழில். அந்த இரண்டு வருடத்தில் எந்த நாளிலும், எந்த ஓய்ந்த மத்தியானத்திலும், இரண்டு புத்தகங்களையும் ஒரு முறை விரித்து வைத்திருக்கலாம். நாலு நாள் வேலை. அவள் மேசையிலேயே இருந்த புத்தகங்கள்.

"எனக்குத் தெரிஞ்சே ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள். "நானும் எழுதல. வெட்கமா இருந்தது."

"சரி விடுங்க. அந்தப் பேராசிரியர் இல்ல. அந்தப் படிகமெல்லாம் இல்ல. யாருக்கு என்ன ஆகப்போகுது? எனக்கு ஒரு குறையும் இல்ல, பானி போலா. நெஜமாத்தான் சொல்றேன்." கடிகாரத்தைப் பார்த்தான். மூன்று மணி ஐந்து நிமிடம். "தெக்லாகிட்ட சொல்லிட்டுக் கிளம்பணும்."

அவன் தட்டைப் பஞ்சில் சுற்றி மேல்பையில் வைத்தான். கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாக மாட்டினான். கடைசிப் பொத்தான் மாட்டி முடிந்தால் அவன் போய்விடுவான் என்று போலாவுக்குத் தெரிந்தது. படியில் நின்றபோதும் இப்படித்தான் தெரிந்தது.

அவள் பையைத் திறந்து நீலக் கோப்பை எடுத்தாள். ஹெர்ரிங் தட்டை ஒதுக்கிவிட்டு, மேசைத் துணிமேல் புதிய தாளை விரித்தாள். அடியில் 'கணக்கிட்டவர்' என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. 'சரிபார்த்தவர்' என்ற இடம் வெறுமையாக இருந்தது. அந்த வரியின்மேல் விரலை வைத்தாள்.

"அறிக்கையில அந்த வரி இன்னும் அப்படியே இருக்கு. அளந்தவர் மாத்திக் குறிச்சாருன்னு. இந்தத் தாள் உள்ள போனா அந்த வரிய எடுத்துடுவாங்க. ஆனா நான் மட்டும் போட்டா அது செல்லாது. என் தாள நானே சரிபாக்கறது இனிமே வேண்டாம்."

செவெரின் தாளைப் பார்த்தான். எடுத்துப் படிக்கவில்லை. முதல் தாளைப் பார்க்கக் கூடாது என்ற விதி அவனுக்கும் மறக்கவில்லை போலும். பார்வையை விலக்கிக்கொண்டான். கடைசிப் பொத்தானில் விரல் அப்படியே நின்றது.

பின்னால் யாரோ கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றைத் தப்பான சுருதியில் ஆரம்பித்தார்கள். தெக்லா அதட்டினாள். போலா ஒரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டாள். தாளைக் குப்புறக் கவிழ்த்தாள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அந்த நாற்காலிக்கு முன்னால் வைத்தாள், அதன் மேல் ஒரு பென்சில்.

"செவெரின்" என்றாள். "ரயில் நாளைக்கும் உண்டு. ஒரே ஒரு தடவ, முதல்லேர்ந்து போடலாம். என் பக்கத்துல வந்து உக்காரு."